என் சிலிண்டரில் ஓடிய கார்

எங்கள் தெருவில் முதன்முதலாகக் கேஸ் அடுப்பு வந்தது என் வீட்டுக்குத்தான். எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி ராஜபாளையம் வந்த கொஞ்ச நாளில் அது வந்தது. அப்போதெல்லாம் கேஸுக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்தபோது பதிந்தவர்கள், அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பஞ்சு மில்லில் ஃபிட்டர். மில்லில் யாரோ பெரிய மனிதர் சொல்லி வைத்ததில் எங்களுக்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. சிலிண்டரைச் சமையலறையில் இறக்கி வைத்துவிட்டு, "ஒனக்குத்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுக்குள் எது வந்தாலும் முதலில் அது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடும். அவருடைய ஒரே தங்கச்சியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாங்காய் சீசனில் முதல் கூடை அவளுக்கு. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால், கடைக்காரர் விரித்துப் போடுகிற முதல் சேலையைப் பார்த்ததுமே, "இது தங்கச்சிக்கு நல்லாருக்கும்" என்பார். எனக்கு அதற்குப் பிறகு விரிக்கிறதில் ஒன்று. அவள் வீட்டில் யாருக்காவது தும்மல் வந்தால் இவருக்கு இங்கே மூக்கு ஒழுகும். நான் பொறாமைக்காரி என்று அவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இரண்டாவது சேலையையே வருஷம் பூராவும் கட்டிப் பார்த்தால் அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் கேஸ் அடுப்பு மட்டும் என் வீட்டில் நின்றது. அது என் நாத்தனாரிடம் கிடையாது. மாமனார், மாமியார், கொழுந்தன்மார், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்துக்கு அவள் விறகடுப்பில் வடித்துக் கொட்டினாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறையில் வந்து நின்று, நான் அடுப்பைப் பற்றவைப்பதைப் பார்ப்பாள். வேண்டுமென்றே நான் ஒரு தடவை அணைத்துவிட்டு மறுபடி பற்றவைப்பேன். அவள் கண்ணில் பொறாமை தெரிந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு தித்திக்கும்.

தொண்ணூறு தாண்டி இரண்டொரு வருஷத்தில் நாத்தனாரின் மகள் பெரியவளானாள். சடங்கைத் தை பிறந்ததும் பெரிதாக வைத்துக்கொள்ளலாம் என்று நாத்தனாரின் மாமனார் வீட்டில் முடிவு செய்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தாய்மாமன் அல்லவா. பட்டுப்பாவாடை என்ன, தட்டு எத்தனை, மேளம் யார் என்று தூக்கத்திலும் அதே பேச்சு. அந்த ஆவேசத்தில் இருந்தபோதுதான் அந்தக் கார் அவர் கண்ணில் பட்டது.

மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்காரர், காய்க்கூடை ஏற்றுவதற்காக எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டிருந்த கார் அது. சாதாரணக் கார் மாதிரி பின்பக்கம் இறங்கி முடியாது. கூரை அப்படியே கடைசி வரைக்கும் நீண்டு போய், பின்னால் ஒரு கதவு இருக்கும். ஸ்டேஷன் வேகன் என்று அதற்குப் பெயராம். எங்கள் தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையாமல் டேசன் வேன் என்றார்கள். தோப்பில் அது நின்ற இடத்தில் புல் முளைத்து, உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பழைய இரும்பு விலைக்குத் தருகிறேன் என்றதும் இவர் யோசிக்கவே இல்லை. ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இவர் உள்ளே உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே. கல்யாண ஊர்வலத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்பில் பாதிகூட இல்லை.

"எதுக்கு இந்த எலும்புக்கூடு?" என்றேன்.

"மருமகளுக்குச் சடங்கு வருதுல்லா. தாய்மாமன் தாம்பாளத்தைத் தூக்கிட்டு பஸ்ஸுல போய் எறங்குனா தங்கச்சி மாமியா வீட்டுல என்ன நெனைப்பாக?"

"நம்ம கல்யாணத்துக்கு எங்க அய்யா பஸ்ஸுலதான வந்தாக."

அவர் காரின் கூரையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு, "மகாராஜபுரத்துக்கும் இதுலயே போவோம்ட்டி. ஒன்ன முன்னால ஒக்கார வச்சு ஒங்க அய்யா வீட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்துதேன்" என்றார்.

மகாராஜபுரம் என் பிறந்த ஊர். ராஜபாளையத்திலிருந்து போனால் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ் மாறி, வத்திராயிருப்புப் பாதையில் உலுங்கிக் குலுங்கி இறங்குவதற்குள் கையிலிருக்கும் பலகாரம் தூளாகிவிடும். கார் வாசலில் போய் நின்றால் என் அண்ணன் பெண்டாட்டி முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்காக அந்த எலும்புக்கூட்டைப் பொறுத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் எனக்கு வீட்டில் புருஷன் இல்லை. மில் விட்டு வந்தால் காப்பித் தம்ளரோடு காருக்கு அடியில் போய்விடுவார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். நான் என்ன சொன்னாலும் அந்தப் பாதங்கள்தான் பதில் சொல்லும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஒரு பாய், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூட வேலை செய்தார். காரின் தரை துருப்பிடித்து, காலுக்குக் கீழே ரோடு தெரிந்தது. எண்ணெய் டிரம்மை வெட்டி விரித்து ஒட்டுப் போட்டார்கள். டிங்கரிங் செய்து, பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்தார்கள். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் பலகை அடித்து ரெக்ஸின் தைத்தார்கள். தேய்க்கிறதுக்கு மெல்லிய துணி வேண்டும் என்று என் நூல் சேலை ஒன்றைக் கேட்காமல் எடுத்துக் கிழித்துவிட்டார். முதுகு வலிக்கிறது என்று நான் சொன்னால் தைலம் இருக்கிற இடத்தைக் கையால் காட்டுகிற மனிதர், அந்தத் தகரத்தின் முதுகை மணிக்கணக்காகத் தடவிக் கொடுத்தார்.

பெயிண்ட் அடிக்கிற கட்டம் வந்தது. எனக்கு வெள்ளை பிடிக்கும். வெள்ளைக் கார்தான் பெரிய வீட்டுக் கார் மாதிரி இருக்கும் என்று சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றார். அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்து, மயில்கழுத்து நீலத்தில் டப்பாவை இறக்கினார்.

"வெள்ளைன்னு சொன்னோம்லா?"

"வெள்ளை சீக்கிரம் அழுக்காயிரும்னு தங்கச்சி சொல்லுதா. அவ சொல்றதும் சரிதான?"

அவள் வீட்டில் சைக்கிள்கூட ஒழுங்காக ஒன்று கிடையாது. கார் கலரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அன்றைக்கு நான் ஆக்கிய குழம்பில் உப்பு கூடிப் போனது. அவர் கவனிக்காமல் சாப்பிட்டார். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

கார் ஓட ஆரம்பித்ததும் இன்னொரு சங்கதி தெரிந்தது. பெட்ரோலை அது தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி குடித்தது. சேத்தூர் வரைக்கும் போய்த் திரும்பியதற்கே இவர் முகம் வாடிவிட்டது. ஃபிட்டர் சம்பளத்தில் இதற்குத் தீனி போட முடியாது என்பது இப்போதுதான் உறைத்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. இனி அது மறுபடி கோழி அடைகாக்கத்தான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டு, அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பாய் பேசுவது கேட்டது.

"மதுரைல இப்பம் எல்லாரும் கேஸுக்கு மாத்துதாங்கண்ணே. கிட்டு ஒண்ணு வாங்கி மாட்டிட்டா போதும். செலவு பாதிகூட வராது. நம்ம வீட்டுலதான் சிலிண்டர் இருக்குல்லா?"

பேச்சு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், எனக்குக் கீழே இருந்த சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட என்னை அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.

"ஒரு வாரம். சும்மா சோதனைக்கு" என்றார்.

"என் அடுப்பு?"

"மண்ணெண்ணெய் ஸ்டவ் பரண்ல கெடக்குல்லா? செத்த நேரம் ஆகும், அம்புட்டுத்தான்."

முடியாது என்று கத்தினேன். சிலிண்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒன்றும் அடித்துப் பிடுங்கவில்லை. அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, "மொத சவாரி மகாராஜபுரத்துக்குத்தான்" என்று மெதுவாகச் சொன்னார். நான் எழுந்து நகர்ந்தேன். கடைசித் தோசை வேகும் வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றினார்.

பாய் மதுரையிலிருந்து கிட் வாங்கி வந்து மாட்டினார். காரின் பின்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டை அடித்து, சிலிண்டரை அதில் இறுக்கி வைத்தார்கள். அங்கிருந்து குழாய் கீழே இறங்கி, காரின் வயிறு வழியாக என்ஜினுக்குப் போனது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். பெட்ரோலில் கிளப்பி, கொஞ்சம் சூடானதும் சுவிட்சைத் தட்டினால் கேஸுக்கு மாறும். மாறுகிறபோது கார் ஒரு விக்கல் விக்கும். பிறகு சத்தமில்லாமல் ஓடும். அந்த முதல் விக்கலை நான் அடுப்படியில் நின்று கேட்டேன். என் சாம்பாரைக் கொதிக்க வைக்க வேண்டியது அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

முதல் சவாரிக்கு நான் விடியற்காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, நான்கு வயது மகளுக்குப் பவுடர் போட்டு, முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் கார் தேரடிப் பக்கம் திரும்பியது.

"ஒரு எட்டு தங்கச்சிகிட்ட காட்டிட்டுப் போயிருவோம்."

நாத்தனார் வெளியே ஓடி வந்தாள். காரைச் சுற்றி வந்தாள். நீலத்தைத் தொட்டுப் பார்த்து, "நாஞ் சொன்னேன்லா?" என்றாள். தன்னை ஒரு தடவை தேரோடும் வீதியில் சுற்றிக் காட்டச் சொன்னாள். முன்கதவைத் திறந்து நின்றாள். நான் இறங்குகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் பின்னால் பலகையில் ஏறினேன். என் மகளோ அத்தை மடிதான் வேண்டும் என்று முன்னால் ஓடிவிட்டாள். ஆக, முன்னால் அண்ணனும் தங்கச்சியும் என் பிள்ளையும். பின்னால் நானும் என் சிலிண்டரும். நாலு வீதியும் சுற்றினோம். சிரிப்புச் சத்தம் முன்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. நான் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தேன். கேஸ் வேகமாகப் போகப்போக அது குளிர்ந்து, கொளுத்துகிற வெயிலில் அதன் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. என் அடுப்படியில் இருந்தவரைக்கும் ஒரு நாளும் அது இப்படிக் குளிர்ந்ததில்லை.

சுற்றி முடித்ததும், "இனிமே மகாராஜபுரம் போய்த் திரும்புனா கேஸு பத்தாது. அடுத்த வாட்டி போவோம்" என்றார். அடுத்த வாட்டியும் அப்படித்தான். என் கேஸ் எப்போதும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்தான் பத்தும்.

ஒரு வாரம் என்றது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று போனது. சிலிண்டர் தீர்ந்து, பதிந்து, மறு சிலிண்டர் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கும். நான் சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். அது வாசலோடு காருக்குப் போய்விடும். மண்ணெண்ணெய் ஸ்டவ் என் கையைக் கரியாக்கியது, சோற்றில் நாற்றம் ஏற்றியது. எதிர்வீட்டுக்காரி, என் அடுப்பைப் பார்த்து எத்தனையோ நாள் பெருமூச்சு விட்டவள், இப்போது தினமும் வாசலில் நின்று விசாரித்தாள்.

"என்ன மதினி, கேஸு அவிய கார்ல போவுது, நீங்க ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கீக."

நான் சண்டை போட்டேன். பேசாமல் இருந்து பார்த்தேன். சோற்றைக் குழைய வடித்துப் பார்த்தேன். அழுதேன். பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன், பஸ்ஸில். எதற்கும் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"சடங்கு முடியட்டும்ட்டி. சடங்கு முடிஞ்ச மறுநாளே சிலிண்டரைக் கொண்டாந்து மாட்டிருதேன். என் தங்கச்சி தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்."

சத்தியத்துக்கும் அவள் தலைதான். ஆனாலும் அதை நான் நம்பினேன். அந்தத் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டார் என்று எனக்குத் தெரியும். எனவே உலகத்திலேயே அந்தச் சடங்கு சீக்கிரம் நடக்க வேண்டும் என்று என்னைப் போல ஆசைப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுச் சிலிண்டரைக் காரில் வைத்து ஓட்டுவது சட்டப்படி குற்றம். வழியில் போலீஸ்காரர் பார்த்துவிடக் கூடாது என்று அதன் மேல் எப்போதும் ஒரு பழைய போர்வையைப் போர்த்தி வைப்பார். சடங்கு அன்றைக்குக் காலையில் அந்தப் போர்வையைப் பார்த்து அவருக்கு முகம் சுளித்தது.

"சீர் கொண்டு போற வண்டில இந்தக் கந்தலு நல்லாவா இருக்கும்? ஒன் சேலை ஒண்ணு குடேன்."

அரக்குக் கலரில் சரிகை போட்ட சேலை ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். நாளைக்கு என் வீட்டுக்குத் திரும்பி வருகிற சிலிண்டர்தானே, கொஞ்சம் அலங்காரமாகத்தான் போய் வரட்டுமே என்று எனக்கு அன்றைக்கு மனசு இளகிக் கிடந்தது. அவர் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் வைத்தார். என்ஜினுக்கு வைத்தார். கை நிறைய சந்தனம் மிச்சம் இருக்கவே, இதுவும் வண்டியில் ஒரு பாகம்தானே என்று சிலிண்டருக்கும் பட்டை பட்டையாக இழுவி, நடுவில் குங்குமம் வைத்தார். கார் முகப்பில் கட்டி மிஞ்சிய கதம்பத்தை அதன் கழுத்தில் சுற்றினார். அதைச் சுற்றிச் சீர்த் தட்டுகளை அடுக்கினோம். பழத்தட்டு, பூத்தட்டு, பட்டுப்பாவாடை, வளையல், வெள்ளிக் கொலுசு, பலகாரம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டுத் தெரு முனையில் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே காரை நிறுத்தி, மேளத்தோடு தட்டுகளை வரிசையாக எடுத்துப் போவதாக ஏற்பாடு. எனக்குத் தாகமாக இருந்ததால், தட்டு இறக்குவதற்குள் தண்ணீர் குடிக்க நாத்தனார் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். மூன்று விறகடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. மகளுக்குச் சடங்கு நடக்கிற நாளிலும் அவள் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. இந்தக் கண்ணைக் காட்டித்தான் அண்ணனை மயக்கி வைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. நான் அழுதபோது என் கண்ணும் சிவந்துதான் இருந்தது, யார் பார்த்தார்கள்?

"வாங்க மதினி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

நாங்கள் பிள்ளையார் கோயில் பக்கம் போனபோது அங்கே ஒரே கூட்டம். காரின் பின்கதவு திறந்திருந்தது. நாத்தனாரின் மாமியார் முன்னால் நின்று, உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் தட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது, சரிகைச் சேலை உடுத்தி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு உட்கார்ந்திருந்த என் சிலிண்டர். மாமியார் சேலையை விலக்கிப் பார்த்தாள்.

"ஏ ஆத்தி, இங்க வந்து பாருங்க. மாமன்காரன் மருமகளுக்குக் கேஸுல்லா சீரு கொண்டாந்திருக்கான்."

கூட்டம் காரை மொய்த்தது. சைக்கிள் சீராகக் கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறார்கள், தையல் மிஷின் பார்த்திருக்கிறார்கள். கேஸ் சிலிண்டரை யாரும் பார்த்ததில்லை. ஒரு கிழவி தொட்டுப் பார்த்துவிட்டு, "குளுகுளுன்னு இருக்கு. நல்ல சகுனம்" என்றாள். ராஜபாளையத்திலிருந்து என்ஜினுக்குக் கொடுத்துக்கொண்டே வந்ததில் அதில் பனி பிடித்திருந்தது. சந்தனம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் கூட்டத்தைப் பார்த்து, தன் மருமகளின் பிறந்த வீட்டை எவனாவது இனிமேல் ஏழைப்பட்டது என்று சொல்லட்டும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லிக் காட்டியவர்களில் முதல் ஆள் அவள்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அது என் அடுப்படிச் சிலிண்டர், காருக்கு மாட்டியிருக்கிறது, நாளைக்கு என் அடுப்புக்கே திரும்பிவிடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதில் ஏறித்தானே நாலு வீதியும் சுற்றினாள். "அத்தை, அது காருக்கு மாட்டுன கேஸு" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் சிரிப்போடு முடிந்துவிடும். நான் காத்திருந்தேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்தாள்.

அவர் கார்க் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

ஐப்பசியிலிருந்து நான் சண்டை போட்டு, பேசாமல் இருந்து, அழுது கழற்ற முடியாத அந்த இரும்புப் பட்டையை அவர் கழற்றினார். மேளக்காரர் ஒரு பாட்டைத் தொடங்கி முடிப்பதற்குள் குழாயும் கழன்றுவிட்டது. சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேளத்துக்குப் பின்னால், தட்டுகளுக்கு முன்னால் நடந்தார். தெருவே எட்டிப் பார்த்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தில் தாய்மாமன் சீரை அவன் தனியாகக் கொடுக்க முடியாது. அவன் பெண்டாட்டியும் கை சேர்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அத்தைக்காரி கைபடாத சீர் சேராது. வீட்டுக்குள் விளக்குக்கு முன்னால் தட்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து முடித்தோம். கடைசியில் சிலிண்டர். அதன் மேல் வெற்றிலை பாக்குத் தட்டை வைத்தார்கள். அவர் ஒரு பக்கம் பிடித்தார். இன்னொரு பக்கம் எனக்காகக் காலியாக இருந்தது.

"பிடிம்மா தாயி. ஒனக்கு எம்புட்டுப் பெரிய மனசு" என்றாள் மாமியார்.

கூடியிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். என்னை யாரும் வாழ்நாளில் அப்படிப் புகழ்ந்ததில்லை. நான் கை வைக்கவில்லை என்றால் என் வீட்டுக்காரர் அந்தச் சபையில் கூனிக் குறுகிப் போவார். அது எனக்கு வேண்டியிருந்தது, ஒரு நொடி. ரொம்பவும் வேண்டியிருந்தது. பிறகு கை வைத்தேன். இரும்பு விரலில் சில்லென்று ஒட்டியது. நாத்தனார் கைநீட்டி வாங்கினாள். வாங்குகிற சாக்கில் தலையை என் காதுப் பக்கம் கொண்டு வந்தாள்.

"நீங்க மனசாரக் குடுக்கலைன்னு எனக்குத் தெரியும் மதினி" என்றாள். "இருந்தாலும் வாங்கிக்கிடுதேன். எனக்கு வேணும்."

அவள் அதை மன்னிப்பு மாதிரி சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. பசிக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். நான் என்ன சொல்ல? அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அது தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. வாய் திறந்து கேட்காமலேயே வாங்க முடிகிறதே என்று காதில் புகை வந்தது.

சாயங்காலம் டாங்கியில் கிடந்த கொஞ்சம் பெட்ரோலை நம்பிக் கிளம்பினோம். மகள் பின்னால் பலகையில் தூங்கிவிட்டாள். அவர் முகத்தில் காலையிலிருந்த சிரிப்பு இன்னும் வாடவில்லை. சிலிண்டர் போனதால் காரும் இனி ஓடப்போவதில்லை என்பதும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு என் மானத்தக் காப்பாத்திட்டட்டி. தங்கச்சி கண்ணு கலங்கிட்டா, பாத்தியா?"

அவராகவே ஏதாவது சொல்வார் என்று கொஞ்ச தூரம் வரைக்கும் பார்த்தேன். வேறு சிலிண்டருக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றோ, உனக்குத்தான் கஷ்டம் என்றோ ஒரு வார்த்தை. அவர் ஹார்னை அடித்துக்கொண்டு ஓட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இனிமே அந்த அடுப்பு மட்டும் நம்ம வீட்டுல எதுக்கு? அதையும் கொண்டு போய் ஒங்க தங்கச்சிக்கே குடுத்துருங்க" என்றேன். சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் வெடுக்கென்று திருப்பிக்கொண்டேன். இதற்காவது அவருக்குச் சுருக்கென்று தைக்கும் என்று நினைத்தேன்.

கார் மெதுவானது. ஓரமாக நிறுத்திவிட்டு, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து ரோட்டில் வைத்து என்னைத் தொட்டதே இல்லை.

"அதத்தான் ஒங்கிட்ட எப்படிக் கேக்கன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார். "நீயே சொல்லிட்ட."